மனச்சுமைக்கும் மருத்துவம் உண்டு



சேலம் லீ பஜாரிலோ நாமக்கல் கடைவீதியிலோ நான்கு வியாபாரிகள் கூடினால், சர்க்கரை எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று ஒளிக்காமல் பேசிக் கொள்கிறோம். ஆனால், "இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, வீட்டில் யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது" என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. சொன்னால் பைத்தியம் என்று பெயர் வந்துவிடும், கடன் கொடுத்தவர் மறுநாளே வாசலில் வந்து நிற்பார் என்ற அச்சம்தான் காரணம்.

நம்மிடம் இருபது ஆண்டுகளாகச் சரக்கு எடுத்து வந்தவர் ராசிபுரம் பக்கத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர். வெளியே கொடுத்த கடன் வசூலாகாமல் நின்றது. நமக்குத் தர வேண்டிய பாக்கியும் ஏறியது. ஒருநாள் நம் மண்டிக்கு வந்தவர், "எல்லாத்தையும் மூடிட்டுப் போயிடலாம்னு தோணுதுங்க" என்றார். கடையைத்தான் சொல்கிறார் என்று எண்ணி, பாக்கிக்குத் தவணை பேசி அனுப்பிவிட்டோம். பாக்கியைப் பற்றிக் கேட்ட நாம், ஆளைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் சொன்னதன் பொருள் அவர் மனைவிக்குத்தான் விளங்கியது. தனியே விடாமல் மறுநாளே மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மாத்திரையோடு வாரம் ஒரு முறை பேச்சுவழிச் சிகிச்சையும் நடந்தது. அங்கே நடந்ததைப் பின்னாளில் அவரே நமக்குச் சொன்னார். மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று அவர் சம்மதித்ததால் இங்கே எழுதுகிறோம்.

பேச்சுவழிச் சிகிச்சை என்றால் ஆறுதல் சொல்வதோ புத்திமதி கூறுவதோ அல்ல. அதற்கு முறை உண்டு. நான்கு பத்தி போட்ட ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். நடந்தது என்ன, அப்போது எழுந்த எண்ணம் என்ன, உண்டான உணர்ச்சி என்ன, செய்த காரியம் என்ன என்று அதில் எழுத வேண்டும். அவர் எழுதிய ஒன்று இது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் சூப்பர் மார்க்கெட் பையோடு கடையைத் தாண்டிப் போனார். "இனி நம் கடை அவ்வளவுதான்" என்று நினைத்தார். பயமும் அவமானமும் வந்தன. கடைப் பையனைத் திட்டினார், இரவு சாப்பிடாமல் படுத்தார். ஆலோசகர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அவர் உங்கள் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாரா? கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்." பார்த்தால், அதே வாரம் அந்த வாடிக்கையாளர் அரிசியும் பருப்பும் வாங்கியிருந்தார்!

எண்ணத்தை அப்படியே நம்பாமல் சரிபார்க்கும் இந்த முறையை 1960களில் வகுத்தவர் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். எடை போடாமல் சரக்கு வாங்காத நாம், மனத்தில் வரும் எண்ணத்தை மட்டும் எடை போடாமலே வாங்கிக் கொள்கிறோம்.

பிறகு மனைவியையும் மகனையும் வரச் சொன்னார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொன்ன பிறகே பதில் சொல்ல வேண்டும். "சரக்கு எடுத்து வரச் சொல்லத்தான் அப்பா என்னிடம் பேசுவார்" என்றானாம் மகன். அதைத் தம் வாயால் திருப்பிச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டின்போது கடைப் பேச்சு இல்லை என்று மூவரும் முடிவு செய்தார்கள்.

குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது நம் நாட்டுக்குப் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறை பல பத்தாண்டுகளாக உள்ளது.

இதனால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2016 டிசம்பரில் வெளிவந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் 6 முதல் 8 முறை சந்தித்துப் பேசியவர்களில், 3 மாதத்தில் 100க்கு 64 பேர் தேறினர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 பேரே தேறினர். எல்லோருக்கும் பலிக்கும் மருந்து இல்லை என்பதும் இதிலேயே தெரிகிறது. நோய் கடுமையானால் மாத்திரையும் வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலும் பேசலாம். தனியாரிடம் போவோர், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டுக் கொள்க. நீங்கள் சிகிச்சை பெறும் விவரத்தை வெளியிடாமல் காப்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மருத்துவரின் கடமை. உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. புறநோயாளிச் செலவும் அடங்குமா என்று உங்கள் பாலிசியைப் பார்த்துக் கொள்ளுங்கள்.

நம் நண்பருக்குப் பாக்கி இன்னும் தீரவில்லை. ஆனால் கடை திறந்திருக்கிறது, மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். தவணை கட்ட வரும்போதெல்லாம் முதலில் தூக்கத்தைப் பற்றிக் கேட்கிறோம், பிறகுதான் கணக்கு.

உங்களிடம் சரக்கு எடுப்பவர் யாராவது முகம் வாடி வந்து, "மூடிட்டுப் போயிடலாம்" என்றால், எதை மூடுவது என்று கேளுங்கள். உயிரைப் பற்றித்தான் சொல்கிறாரா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே அனுப்பாமல், வீட்டாருக்குச் சொல்லி, மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். பாக்கியை அடுத்த மாதம் பேசிக் கொள்ளலாம்.