உஷார்! ஹம்மிங் நிற்க எர்த்தை வெட்டாதீர்கள்

வீட்டில் சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்கிறவரா நீங்கள்? பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற உறுமல் கேட்கிறதா? “பிளக்கில் எர்த் ஒயரைக் கழற்றிவிடு, நின்றுவிடும்” என்று யாராவது யோசனை சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். கழற்றினால் பல நேரம் உறுமல் நிற்கத்தான் செய்யும். அதனால்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் இருப்பது 230 வோல்ட். சூட்டில் அதன் இன்சுலேஷன் கெடலாம். சுவிட்சில் சால்டர் விட்டு ஃபேஸ் ஒயர் கழன்று இரும்பு கேபினெட்டில் படலாம். எர்த் இருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போகும், இல்லையேல் டிரிப் ஆகும். எர்த் இல்லையென்றால் எதுவுமே ஆகாது! செட் வழக்கம்போலப் பாடும். கேபினெட் முழுக்க மின்சாரம் நிற்கும். சிக்னல் கிரவுண்ட் வழியாக அது மைக்கின் உலோக உடம்பு வரைக்கும் போகும். சில பத்து மில்லிஆம்பியர் உடம்பில் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தடுமாறி உயிர் போகலாம்.

“டி.வி.க்கே இரண்டு பின் பிளக்தானே?” என்று கேட்காதீர்கள். அது இரட்டை இன்சுலேஷனோடு தயாரானது. நீங்கள் செய்த இரும்புப் பெட்டி அப்படியல்ல.

உறுமலுக்குக் காரணம் வேறு. அதை இப்படித் தேடுங்கள்.

வால்யூமை முழுவதும் குறையுங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு பெரும்பாலும் பவர் சப்ளையில். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் தாண்டியதும் அதன் அலைவு 100 ஹெர்ட்ஸ் ஆகும். ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்துபோனாலோ, மதிப்பு போதாமல் இருந்தாலோ அதுதான் ஸ்பீக்கரில் கேட்கும்.

வால்யூம் குறைத்ததும் நின்றால் இன்புட் பக்கம் பாருங்கள். இன்புட் லீடுகளை ஒவ்வொன்றாக உருவுங்கள். மூன்று பின் சார்ஜர் போட்ட லேப்டாப்பையோ கேபிள் டி.வி. பாக்ஸையோ உருவியதும் அமைதியானால் அது கிரவுண்ட் லூப். எல்லா சாதனங்களையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆடியோ லைனில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்.

எல்லாவற்றையும் உருவிய பிறகும் உறுமுகிறதா? இன்புட்டுக்கு ஷீல்டு ஒயர் போட்டிருக்கிறதா, வால்யூம் கன்ட்ரோலின் உலோக உடம்பு கிரவுண்டில் சேர்ந்திருக்கிறதா, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்திலேயே இன்புட் ஒயர் ஓடுகிறதா என்று பாருங்கள். கிரவுண்ட் ஒயர்களை அங்கங்கே இணைக்காமல் ஒரே புள்ளிக்குக் கொண்டுவாருங்கள்.

சிலர் சிக்னல் கிரவுண்டுக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் 10 ஓம் ரெசிஸ்டரும், அதற்கு இணையாகக் கனமான டயோடு பிரிட்ஜும் போட்டு லூப்பை உடைப்பார்கள். அது சரியான முறை. ஆனால் எர்த் ஒயருக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் எதையும் போடக் கூடாது. எர்த் ஒயரை நேராகக் கேபினெட்டில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

மூடியைத் திறக்கும்முன் பிளக்கை உருவுங்கள். சுவிட்சை ஆஃப் செய்தது மட்டும் போதாது. உருவிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல், இன்சுலேஷன் உள்ள லீடுகளில் 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் சேர்த்து இறக்குங்கள். மல்டிமீட்டரில் வோல்டேஜ் இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

ஏற்கெனவே எர்த்தை வெட்டியவர்களும், பழைய செட் வாங்கியவர்களும் இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். பிளக்கை உருவி, மல்டிமீட்டரை ஓமில் வைத்து, பிளக்கின் பெரிய பின்னுக்கும் பெயிண்ட் சுரண்டிய கேபினெட்டுக்கும் நடுவில் அளவெடுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எர்த்தைச் சரிசெய்யும்வரை அந்த செட்டை ஆன் செய்யாதீர்கள். வீட்டு சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்பதை எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள்.