மருந்துக்கு அடங்காத கிருமி: எங்கிருந்து, எந்த வழியாக?

2008 ஜனவரியில் சுவீடனில் ஒரு நோயாளியின் சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இந்திய வம்சாவளியினரான அவர், சற்று முன்புதான் டெல்லி மருத்துவமனையில் சிகிச்சை முடிந்து திரும்பியிருந்தார். அதில் வளர்ந்த கிளெப்சியெல்லா கிருமி, ஐ.சி.யூ.வில் கடைசி நம்பிக்கையாகக் கொடுக்கப்படும் மெரோபெனம் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கும் சாகவில்லை. அந்த மருந்துகளைச் சிதைக்கும் ஒரு புதிய நொதியை அது சுரந்தது. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வறிக்கை அந்த நொதிக்கு நியூடெல்லியின் பெயரைச் சூட்டியது. சுருக்கமாக என்.டி.எம்.-1.

அந்த அறிக்கையில் பலர் கவனிக்காத ஒரு தகவல் உண்டு. அதே நோயாளியின் மலத்தில் இருந்த ஈ.கோலை என்ற வேறொரு கிருமியிலும் அதே மரபணு இருந்தது. பிளாஸ்மிட் எனப்படும் சிறிய டி.என்.ஏ. வளையத்தில் அமர்ந்திருப்பதால், இந்த மரபணு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகிறது, இனம் விட்டு இனம்கூடத் தாவுகிறது. இதைத் தேடுவோருக்கு உள்ள பெரிய சிக்கலும் இதுதான். குறிப்பிட்ட ஒரு கிருமியை மட்டும் தொடர்ந்து போனால் பாதி வழியில் தடம் அறுந்துவிடும்.

2010-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி அதன் முதல் ஆசிரியர். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமோத்தி வால்ஷ் உள்ளிட்டோர் உடன் எழுதியவர்கள். என்.டி.எம்.-1 கொண்ட கிருமி மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிடைத்தன. ஹரியானா மாதிரிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அங்கே ஒரே கிருமி பெருகிப் பரவியிருந்தது. சென்னையிலும் பிரிட்டனிலும் நிலைமை வேறு. தொடர்பே இல்லாத பல கிருமிகளுக்குள் மரபணு புகுந்திருந்தது. பிரிட்டன் நோயாளிகள் 29 பேரில் 17 பேராவது முந்தைய ஓராண்டுக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ போய் வந்தவர்கள்.

இந்தியாவில் கோபம் வெடித்தது. மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். ஒரு நகரத்தின் தலையில் நோயின் பெயரைக் கட்டியது தவறுதான். 'தி லான்செட்' இதழின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டனே 2011-இல் அதற்காக வருத்தம் தெரிவித்தார். ஆனால் பெயரைப் பற்றிய சண்டையில் நாம் செலவிட்ட ஆவேசத்தில் ஒரு பங்கையாவது தண்ணீரின் மேல் காட்டியிருக்க வேண்டும். அதே 2011-இல் வால்ஷ் குழு டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரிலிருந்து எடுத்த 171 மாதிரிகளில் 51-இலும், குடிநீர்க் குழாய்களில் எடுத்த 50 மாதிரிகளில் 2-இலும் அந்த மரபணுவைக் கண்டது. வயிற்றுப்போக்கையும் காலராவையும் உண்டாக்கும் கிருமிகளிலும் அது இருந்தது. அப்படியானால் மருத்துவமனை வாசலையே மிதிக்காதவருக்கும் இது தொற்றலாம். முதலில் பாதிக்கப்படுவது டெல்லிவாசிதான், ஐரோப்பியர் அல்ல.

நல்லவேளையாக, மருத்துவர்கள் அத்தோடு விட்டுவிடவில்லை. 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 'சென்னைப் பிரகடனம்' கொண்டுவந்தன.

இப்போது தேடல் சாக்கடை வரை இறங்கியிருக்கிறது. கல்ச்சர் பரிசோதனைக்கு வசதியில்லாத ஊர்களில் நோயாளிகளின் கணக்கு கிடைக்காது. ஆனால் ஊர் முழுவதன் குடலில் இருப்பதும் கழிவுநீரில் வந்து சேர்ந்துவிடும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 60 நாடுகளின் கழிவுநீரிலிருந்து எதிர்ப்பு மரபணுக்களைப் படித்து 2019-இல் வெளியிட்டது. மரபணுக்களின் அளவு, அந்தந்த நாட்டின் சுகாதார, சமூக, பொருளாதார நிலையோடு நெருங்கிப் பொருந்தியது. மாத்திரையை வாங்கி விழுங்குவது மட்டும் காரணமில்லை, கழிப்பறையும் குடிநீரும் காரணம் என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டுமா?

பழைய சேமிப்பும் உதவுகிறது. கொலிஸ்டின் என்பது மெரோபெனமும் கைவிட்ட பிறகு மிஞ்சும் மருந்து. அதை முறியடிக்கும் எம்.சி.ஆர்.-1 மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2015 நவம்பரில் அறிவித்தனர். சில வாரங்களிலேயே டென்மார்க் ஆய்வாளர்கள் தங்கள் கணினியில் சேமித்திருந்த மரபணு வரிசைகளில் தேடினார்கள். ஒரு நோயாளியிடமும், 2012 முதல் 2014 வரை இறக்குமதியான கோழி இறைச்சியிலும் அது சிக்கியது. உலகம் பெயர் வைப்பதற்கு மூன்றாண்டுகள் முன்பே அது எல்லை தாண்டியிருந்தது.

கால்நடைகளைக் கொழுக்க வைக்கத் தீவனத்தில் கொலிஸ்டின் கலந்ததுதான் இதற்கு வளம் சேர்த்தது. சீனா 2017-இல் அந்தப் பழக்கத்தைத் தடை செய்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் பன்றிகளிடமும் கோழிகளிடமும் கொலிஸ்டினுக்கு அடங்காத ஈ.கோலை வெகுவாகக் குறைந்ததை ஆய்வுகள் பதிவு செய்தன. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டின் தருவதைத் தடை செய்தது. நம் பண்ணைகளிலும் அதே சரிவு நடந்திருக்கிறதா என்று பார்க்க, பண்ணைக் கழிவையும் இறைச்சிக் கடை மாதிரிகளையும் ஆண்டு தவறாமல் எடுத்துச் சோதித்து, முடிவுகளை மறைக்காமல் வெளியிட வேண்டும்.