சிம்னிக்கு முன்னால் ஒரு கச்சேரி

2017 ஜனவரியில் வெளிவந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்' காணொளியைத் தாம்பரம் வட்டாரத்தார் அவசியம் பார்க்க வேண்டும். படமெடுத்த இடம் நகரத்தின் வடகோடியில் இருக்கும் எண்ணூர். ஆனால் 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு, நீர்நிலைகள் பறிபோவதைப் பேசும் அந்தக் காட்சிகள் சட்டென்று பிடிபடும்.

கபேர் வாசுகி எழுதி, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசையமைத்து, கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடியது; காணொளியை இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். ஏரி, ஆறு, கழிமுகம் போன்ற பொது இடங்களுக்கான 'புறம்போக்கு' என்ற பெயர் எப்படி வசவாகிப் போனது என்பதுதான் பாட்டின் கதை.

இப்படியொரு காணொளியில் குறியீட்டைத் தேடும்போது முதலில் இடத்தைப் பாருங்கள். கர்நாடக இசைக்கென்று நம் மனத்தில் பதிந்திருப்பது சபா மேடை, ஜமக்காளம், குளிரூட்டிய அரங்கம். இங்கே வேட்டி கட்டிய வித்வானுக்குப் பின்னால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நிற்கின்றன. மேடையை இடம் மாற்றியதிலேயே இயக்குநர் பாதி சொல்லிவிட்டார்.

அடுத்தது முகமூடி. மூச்சுதான் பாடகனின் மூலதனம். அந்த வாயையும் மூக்கையும் மாசுத்தடுப்பு முகமூடி மூடியிருக்கிறது. இந்த ஒரு காட்சிக்காகவே காணொளியைத் திரும்பப் பார்க்கலாம். கொரோனாவுக்கு முன்பு அது விசித்திரமாகத் தெரிந்தது. இன்று நாம் எல்லோரும் போட்டுக் கழற்றிய பொருள். காலம் மாறினால் குறியீட்டின் அழுத்தமும் மாறும் என்பதற்கு நல்ல உதாரணம்.

பிறகு காதுக்கு வருவோம். ஆனந்தபைரவியில் தொடங்கும் ராகமாலிகை. மொழியோ அப்பட்டமான சென்னைத் தமிழ். சபாவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பேச்சும், பட்டாவுக்கு வெளியே விடப்பட்ட நிலமும் ஒரே பாட்டில் மரியாதை பெறுகின்றன. இந்த இணைப்பைத்தான் காணொளியின் ஆகப் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

நம் பக்கத்துப் பள்ளிக்கரணையும் இதே கதைதான். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம் அது. அதன் ஒரு பகுதியில்தான் பெருங்குடிக் குப்பைமேடு எழுந்தது.

காணொளி யூடியூபில் கிடைக்கிறது. முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மூன்றாவதாக இரண்டையும் சேர்த்து. உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.