பணியிடப் பண்பாடு

தறிவீடும் ஆலையும்

விருதுநகர் மாவட்டத்திலுள்ள சுந்தரபாண்டியம் கைத்தறி நெசவு நடைபெறும் ஊர். அங்குத் தறி இருக்கும் வீடே நெசவாளரின் பணியிடம். நூல் சுற்றுவதிலும் பாவு ஆயத்தம் செய்வதிலும் குடும்பத்தினர் துணைநிற்பர். நெய்து முடித்த துணியின் அளவைக் கொண்டே கூலி அமையும். அருகிலுள்ள இராசபாளையத்தில் 1936 ஆம் ஆண்டு நூற்பாலை நிறுவப்பட்டது. ஆலையில் வேலையின் தொடக்கத்தையும் முடிவையும் கடிகாரமே வரையறுத்தது. இரண்டிடத்தும் கையாளப்படுவது பருத்தியே, பணிப்பழக்கங்களோ வேறு. தறிவீட்டிலிருந்து ஆலைக்குச் சென்றவர் ஒரு புதிய பண்பாட்டையும் கற்க வேண்டியிருந்தது. கடல்கடந்த அலுவலகங்களுக்குச் செல்லும் இன்றைய இளைஞருக்கும் அத்தேவை உண்டு.

சட்டமும் வழக்கமும்

பணிப்பழக்கங்கள் மக்களின் இயல்பால் மட்டும் உருவாவன அல்ல. வரலாறும் சட்டமும் அவற்றை வடிவமைக்கின்றன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919 ஆம் ஆண்டு தனது முதல் உடன்படிக்கையிலேயே, தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என வரம்பு வகுத்தது. ஆயினும் நாடுகள் வெவ்வேறு வழிகளில் வளர்ந்தன. மிகைவேலையால் நேரும் இறப்பைக் குறிக்க ஜப்பானிய மொழியில் ‘கரோஷி’ என்னும் சொல்லே தோன்றியது. அங்கு 2018 இல் இயற்றப்பட்ட சட்டம், கூடுதல் பணிநேரத்தைப் பொதுவாக மாதத்திற்கு 45 மணி, ஆண்டிற்கு 360 மணி என வரையறுத்தது. பிரான்சில் பணிநேரத்திற்குப் பின் அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2017 முதல் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. இரவில் அனுப்பிய மின்னஞ்சலுக்கு அங்கிருந்து உடனே விடை வராவிடில், அதனைச் சோம்பல் எனக் கருதுவது தவறாகும்.

மௌனமும் ‘சரி’யும்

கண்ணுக்குப் புலப்படும் வேறுபாடுகளைவிடப் புலப்படாதவையே மிகுந்த இடர் தருவன. மூத்தோர் பேசுகையில் குறுக்கிடாமை மரியாதை எனக் கற்றவர், கூட்டத்தில் மௌனமாக இருப்பார். நெதர்லாந்து, ஜெர்மனி நாட்டு அலுவலகங்கள் பலவற்றில் குறையை நேரடியாகச் சுட்டுவதே நேர்மை. அங்கு மௌனம், கருத்தின்மையாகக் கொள்ளப்படலாம். ஜப்பானியரின் ‘ஹாய்’ என்னும் சொல் ‘ஆம்’ எனப் பொருள்படினும், பலவேளைகளில் ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதையே உணர்த்தும். பெரியவர்களிடம் நாம் கூறும் ‘சரிங்க’ என்பதும் அத்தகையதே. அதனை உறுதிமொழியாக நம்பிய மேலாளர், குறித்த நாளில் பணி முடியாதபோது ஏமாற்றமடைவார். ஒரு சொல்லால் உண்டான மயக்கம், திறமையுடையவரையும் நம்பத்தகாதவராக்கிவிடும்.

இதனைத் தவிர்க்க ஜப்பானிய நிறுவனங்களில் ‘ஹோரென்சோ’ என்னும் முறை பயிற்றப்படுகிறது. பணிநிலையை அறிவித்தல், செய்தியைத் தெரிவித்தல், ஐயத்தைக் கலந்தாலோசித்தல் ஆகிய மூன்றின் சுருக்கமே அது. ‘இப்பணியை வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க இயலாது, திங்கட்கிழமை தருகிறேன்’ என முன்கூட்டியே உரைப்பது பணிவுக்கு முரணன்று.

திருக்குறள் காலமறிதலையும் இடனறிதலையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்துள்ளது. ஒரு நாட்டினர் அனைவரும் ஒரே தன்மையினர் என முடிவுசெய்யாமல், செல்லும் இடத்தின் வழக்கத்தையும் அதன் காரணத்தையும் கேட்டறிபவர், தம் பண்பை இழக்காமலே எவ்விடத்தும் பணியாற்ற வல்லவராவார்.