மூன்று நாள் காத்திருக்காத தண்ணீர்

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிற வீடுகளில், ரோலர் கிடக்கும் இடத்துக்கு அடையாளம் கேட்க வேண்டியதில்லை. மூக்கே வழி சொல்லிவிடும். விடியுமுன் வெட்டி எடுத்த பாலை டிஷ்ஷில் ஊற்றி, ஃபார்மிக் ஆசிட் கலந்து உறைய வைப்பார்கள். உறைந்த கட்டியை மறுநாள் ரோலரில் கொடுத்தால் ஷீட் ஒரு பக்கம் வரும், மஞ்சள் கலந்த கலங்கல் தண்ணீர் மறுபக்கம் ஓடும். ரப்பர் மரத்துப் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். மீதியில் பெரும்பகுதி தண்ணீர், அதில் கொஞ்சம் புரதம், கொஞ்சம் சர்க்கரை. ஓடுகிற தண்ணீரோடு இந்தப் புரதமும் சர்க்கரையும் போய்விடும். இரண்டு நாள் தேங்கினால் அந்தப் பக்கம் நிற்க முடியாது.

இத்தனைக்கும் அதில் விஷம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பாக்டீரியாவுக்குத் தீனி இருக்கிறது, அவ்வளவுதான். தீனி கிடைத்தால் பாக்டீரியா பெருகும், பெருகினால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை இழுத்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் கரைந்திருக்கும். அது தீர்ந்ததும் மீன் செத்து மிதக்கும். அதற்குப் பிறகு ஆக்ஸிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கும். அழுகல் நாற்றம் அவற்றின் கைவரிசை. தண்ணீரில் கிடக்கும் கழிவைத் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்ற கணக்குக்குத்தான் பிஓடி என்று பெயர். ஆற்றில் விடும் கழிவுநீரில் அது லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி.

வீட்டு ரோலரில் ஒரு நாளைக்கு ஓடுவது சில குடம். காகித ஆலையில் இதே சங்கதி ஆறு போல ஓடும். 2003-ல் மத்திய அரசு ஆலைகளோடு பேசி ஒரு பொறுப்பேற்பு சாசனம் கொண்டுவந்தது. 1992-க்கு முன் அமைந்த பெரிய ஆலைகள், ஒரு டன் காகிதத்துக்கு வெளியேற்றும் கழிவுநீரை இரண்டு ஆண்டில் 140 கன மீட்டராகவும், நான்கு ஆண்டில் 120 ஆகவும் குறைக்க வேண்டும் என்றது அது. ஒரு கன மீட்டர் என்றால் ஆயிரம் லிட்டர். குறைத்த பிறகே இவ்வளவு என்றால், குறைப்பதற்கு முன்னால் எவ்வளவு ஓடியிருக்கும் என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய உதாரணம் கரூர் மாவட்டம் புகளூர் அருகே காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், டிஎன்பிஎல். 1979-ல் அரசு தொடங்கிய நிறுவனம் இது, 1984-ல் உற்பத்திக்கு வந்தது. மரத்தை மட்டும் நம்பாமல் கரும்புச் சக்கையில் காகிதம் செய்வதுதான் இதன் பெருமை. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்துவிடும். அதற்கு மாற்றாக அவற்றுக்கு எரிபொருளோ நீராவியோ கொடுத்துச் சக்கையை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. ஆனால் கரும்பு அரவை வருஷத்தில் சில மாதம், காகித மிஷினோ பன்னிரண்டு மாதமும் ஓட வேண்டும். ஆகவே சக்கையை மலை மலையாகக் குவித்து, காயாமலும் தீப்பிடிக்காமலும் இருக்க அதன்மேல் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். சக்கையில் ஒட்டியிருக்கும் மிச்சச் சர்க்கரை புளித்து, அந்தத் தண்ணீரோடு இறங்கும். நம் ரோலர் தண்ணீரின் பங்காளி என்றே வைத்துக்கொள்ளலாம். டிஎன்பிஎல் அதைக் காற்றில்லாத தொட்டியில் அடைத்து மீத்தேன் எடுக்கிறது. அந்த வாயு சுண்ணாம்புச் சூளையில் ஃபர்னஸ் ஆயிலுக்குப் பதிலாக எரிகிறது. சுத்திகரித்த கழிவுநீர் சுற்றுப்புற விவசாயிகளின் பாசன சங்கம் வழியாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கருக்குப் பாய்கிறது.

வயலுக்குப் போகும் தண்ணீர் என்பதால்தான் அளவை விஷயம் முக்கியமாகிறது. பிஓடி சோதனையை நம் நாட்டில் 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்துப் பார்ப்பார்கள். மேல்நாட்டில் 20 டிகிரியில் ஐந்து நாள். இந்த ஐந்து நாள் வழக்கம் 1912-ல் பிரிட்டனின் கழிவுநீர் ராயல் கமிஷன் காலத்தது. அந்த நாட்டு ஆறு எதுவும் கடலைத் தொட ஐந்து நாளுக்கு மேல் எடுக்காது என்பதுதான் காரணம் என்று சொல்வார்கள். நம் சூட்டில் பாக்டீரியா வேகமாகத் தின்னும், அதனால் மூன்று நாள் போதும் என்று ஆயிற்று. மூன்றோ ஐந்தோ, முடிவு கைக்கு வரும்போது அந்தத் தண்ணீர் எந்த வயலில் இறங்கியதோ, எந்தக் கடலில் கலந்ததோ! திங்கட்கிழமை தவறு நடந்தது வியாழக்கிழமைதான் தெரியும் என்றால், அதை வைத்து அபராதம் போடலாம். தண்ணீரைக் காப்பாற்ற முடியாது.

கேரளத்தில் மாவூர் ரேயான் கூழ் ஆலையை எதிர்த்து சாலியாற்றங்கரை மக்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். முன்னே நின்றவர் வாழக்காடு பஞ்சாயத்துத் தலைவராக இருந்த கே.ஏ. ரஹ்மான். 1999-ல் புற்றுநோயில் இறந்துபோனார். 2001-ல் ஆலையும் மூடப்பட்டது. ஆறு கறுத்ததும் மீன் செத்ததும் அந்த மக்களுக்குத் தினம் கண்ணில் பட்டது. ஆனால் அந்த நாளில் எந்த நேரத்தில் எவ்வளவு வெளியேறியது என்று மணிவாரியாகக் காட்ட எந்தக் கருவியும் குழாய் வாயில் இல்லை.

2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் ஆன்லைன் அளவைக் கருவி வைத்தே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டது. கூழும் காகிதமும் அந்தப் பதினேழில் ஒன்று. சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசி வாயிலில் கருவிகள் அளக்க, எண்கள் இணையம் வழியாக மாநில, மத்திய வாரியங்களின் சர்வருக்கு நேரே போகும். அளவு எல்லை தாண்டினால் எஸ்எம்எஸ் பறக்கும். தமிழ்நாட்டில் இந்த எண்கள் வந்து சேரும் இடம் சென்னை கிண்டியில் உள்ள வாரியத் தலைமையகம்.

அந்தக் கருவி அறையில் என்னதான் இருக்கிறது? அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் மின்முனை ஒன்று. நுனியில் மெல்லிய கண்ணாடிக் குமிழ், உள்ளே உப்புக் கரைசல். 1934-ல் அமெரிக்காவில் ஆர்னால்ட் பெக்மன் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க உருவாக்கிய மீட்டரின் பேரப்பிள்ளை இது. பக்கத்தில் ஓட்டத்தை அளக்கும் மின்காந்த மீட்டர். ஒளி சிதறுவதை வைத்து மிதக்கும் தூசு, நார் எவ்வளவு என்று சொல்லும் இன்னொன்று. இவற்றில் பெரிய சூட்சுமம் கிடையாது. சூட்சுமம் எல்லாம் பிஓடி காட்டும் குழாயில்தான். கை நீளத்துக்கு ஓர் எஃகுக் குழாய், நடுவில் வெட்டு, வெட்டின் இரு பக்கமும் சின்னக் கண்ணாடி ஜன்னல். ஒரு ஜன்னலிலிருந்து புற ஊதா ஒளி புறப்பட்டு, இடையில் ஓடும் தண்ணீரைக் கடந்து, அடுத்த ஜன்னலுக்குப் போகிறது. வழியில் எவ்வளவு ஒளி காணாமல் போனது என்பதுதான் அளவு.

மரத்திலும் சக்கையிலும் நாரை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் புற ஊதாவை நன்றாக விழுங்கும். ஆலைத் தண்ணீருக்குத் தேநீர் நிறம் தருவதும் அதுதான். ஆனால் சர்க்கரையும் மெத்தனாலும் இந்த ஒளியை ஏறக்குறைய சீண்டுவதே இல்லை. பாக்டீரியாவுக்கோ லிக்னின் பிடிக்காது, சர்க்கரைதான் பிடிக்கும். ஆக, கருவி பார்ப்பது ஒன்று, பிஓடி கேட்பது இன்னொன்று! பிறகு எப்படி எண் வருகிறது? ஆய்வகத்தில் மூன்று நாள் சோதனை செய்த மாதிரிகளையும் அதே நேரத்து ஒளி அளவையும் பக்கம் பக்கமாக வைத்து, இவ்வளவு ஒளி குறைந்தால் இவ்வளவு பிஓடி என்று கருவிக்குப் பாடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். மாட்டுத் தரகர் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைச் சொல்கிற வித்தை இது. பழகிய இனத்து மாட்டுக்குப் பிசகாது. வேறு இனம் வந்து நின்றால் தடுமாறும். சக்கைக் கூழிலிருந்து மரக்கூழுக்கு ஆலை மாறும் வாரத்தில் பழைய பாடம் பொருந்தாது. மறுபடி மாதிரி எடுத்து, மூன்று நாள் காத்திருந்து, கருவியைத் திருத்த வேண்டும். அந்தப் பழைய சோதனையிலிருந்து தப்பிக்க வந்த கருவிக்கு வாத்தியாரும் அந்தச் சோதனைதான்.

கண்ணாடி ஜன்னலில் பாசி படிவது அடுத்த தொல்லை. தீனி நிறைந்த வெதுவெதுப்பான தண்ணீரில் சில நாளிலேயே வழவழப்பாக ஒரு படலம் கட்டிவிடும். கருவி அதையும் அழுக்குத் தண்ணீர் என்றே எண்ணி அளவை ஏற்றிக்காட்டும். காற்றைப் பீய்ச்சியோ சிறு வைப்பரைக் கொண்டோ அதுவே துடைத்துக்கொள்ள ஏற்பாடு உண்டு. இருந்தும் ஒரு ஆள் போய்க் கழற்றி, மெல்லிய அமிலத்தில் கழுவி மாட்டினால்தான் முழுசாகத் தெளியும். பல லட்ச ரூபாய்க் கருவியின் நாணயம் அந்த ஆளின் கையில் இருக்கிறது. கருவி வாங்கியதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வேலைக்கு யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று பேசுவது அபூர்வம். இதில் நம் ஆட்களின் அக்கறை போதாது என்பது என் கட்சி.

ஏமாற்ற நினைக்கிறவனுக்கு வழியும் சுலபம். கருவியை ஒரு வாளி நல்ல தண்ணீரில் முக்கி வைத்தால் எண் அழகாக வரும். கேமரா வைக்கச் சொல்வதும், ஓட்டத்தையும் சேர்த்து அளக்கச் சொல்வதும் இதற்காகத்தான். வாரியத்தில் எண் பார்க்கிற பொறியாளருக்குக் கூடுதல் எண்ணைவிட அசையாத எண்தான் சந்தேகம் தர வேண்டும். ஷிஃப்ட் மாறும்போதும் மிஷின் நிற்கும்போதும் தொட்டி கழுவும்போதும் உண்மையான கழிவுநீர் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். வாரம் முழுக்க வரைபடம் நேர்க்கோடாகப் படுத்திருந்தால் வண்டி எடுத்துப் போய்ப் பார்ப்பது நல்லது.

வாரியத்துக்காக வாயிலில் வைக்கும் கருவியைவிட, ஆலை தனக்காக உள்ளே வைக்கும் கருவி அதிகம் உழைக்கும் என்பேன். சக்கையையும் மரத்தையும் காரத்தில் வேகவைக்கும்போது லிக்னின் கரைந்து, பிளாக் லிக்கர் என்று கறுப்புச் சாறு வரும். அதைக் கொதிகலனில் எரித்து நீராவியும் எடுப்பார்கள், சோடாவையும் மீட்பார்கள். அதாவது அது ஆலைக்குப் பணம். ஒரு வால்வு ஒழுகி அந்தச் சாறு சாக்கடையில் கலந்தால் பணமும் போகும், கொஞ்ச நேரத்தில் சுத்திகரிப்புத் தொட்டியின் பாக்டீரியாவும் போகும். உள்சாக்கடையில் மின்கடத்துதிறன் அளக்கும் ஒரு மின்முனை இருந்தால், காரம் கலந்த சில நிமிடத்தில் முள் எகிறும். ஆபரேட்டர் ஓடிப்போய் வால்வை மூடிவிடலாம். லிக்கரை வேறு தொட்டிக்குத் திருப்பி மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். விலையிலும் இது புற ஊதாக் கருவிக்குப் பக்கத்தில் வராது.

காற்றூட்டும் தொட்டியிலும் இப்படித்தான். பாக்டீரியா உயிரோடிருக்கக் காற்றை இரவு பகலாக ஊத வேண்டும், அதற்கு ஆகும் மின்சாரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆக்ஸிஜன் அளக்கும் இப்போதைய கருவியின் நுனியில் ஒரு சாயப் பூச்சு இருக்கும். நீல ஒளி பட்டால் அது சிவப்பாக மினுங்கும். தண்ணீரில் ஆக்ஸிஜன் அதிகமென்றால் மினுக்கம் சீக்கிரம் அணையும், குறைவென்றால் நீடிக்கும். அந்த நேரத்தை அளந்து, தேவைக்கு மேல் ஊதாமல் புளோயரைக் குறைக்கலாம். காகித ஆலைக் கழிவில் கரிமம் உண்டு, நைட்ரஜனும் பாஸ்பரஸும் போதாது. அதனால் பாக்டீரியாவுக்கு யூரியாவும் டிஏபியும் போட்டு வளர்ப்பார்கள். நூறு பங்கு பிஓடிக்கு ஐந்து பங்கு நைட்ரஜன், ஒரு பங்கு பாஸ்பரஸ் என்பது பழைய வாய்ப்பாடு. வயலுக்குப் போடும் அதே உரம்தான்.

இவ்வளவு கருவிக்கும் அகப்படாதவை உண்டு. காகிதத்தை வெளுக்கக் குளோரின் வாயுவைப் பயன்படுத்தினால் கரிமப் பொருளோடு அது ஒட்டி, எளிதில் சிதையாத சேர்மங்கள் உருவாகும். 1980-களில் அமெரிக்காவிலும் சுவீடனிலும் ஆலைகளுக்குக் கீழே டயாக்ஸின் தெரியவந்தபோதுதான் உலகம் குளோரின் வாயுவைக் கைவிடத் தொடங்கியது. இந்தச் சேர்மங்களை ஏஓஎக்ஸ் என்ற பெயரில் ஆய்வகத்தில் அளக்கிறார்கள். வாயிலில் நிற்கும் ஒளிக்குழாய்க்கு அவை தனியாகத் தெரியாது.

இன்னொன்று உப்பு. பாசனத்துக்குப் போகும் தண்ணீரில் பிஓடி கொஞ்சம் கூடினால் மண் தின்றுவிடும். சோடியம் கூடினால் களிமண் பிரிந்து இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காது. மொத்த உப்பு எவ்வளவு என்பதை மின்கடத்துதிறன் முனை நொடியில் சொல்லும், அதில் சோடியம் எத்தனை, கால்சியம் எத்தனை என்று சொல்லாது. அதற்கு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். சோடியம் மிஞ்சினால் ஜிப்சம் போட்டுக் கால்சியத்தால் அதைத் துரத்துவார்கள். எத்தனை மூட்டை என்பதை மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.