பிரேம் இல்லாத கண்ணாடிக்கு ரோபோ வாங்குமுன்

கடந்த மாசியில் ஒரு காலை, கேற்றைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவன் மேலே பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். மேல்மாடிப் பல்கனியில் அம்மா ஒரு பிளாஸ்ரிக் ஸ்ரூலில் ஏறி நின்றார். கண்ணாடித் தடுப்புக்கு மேலால் இடுப்புவரை வெளியே வளைந்து, இடது கையால் அதன் வெளிப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாரோ என்று சத்தம் போடாமல் படியேறி ஓடினேன்.

அம்மாவுக்கு வயது 71. வலது தோள்பட்டையில் 1995இல் பட்ட செல் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது. "ஒருக்கா எட்டித் துடைச்சா முடிஞ்சுது மோனே, இதுக்கேன் இப்பிடி ஓடி வாறாய்?" என்று என்னைத்தான் பேசினார்.

மேல்மாடியைக் கட்டியது சுவிசில் இருக்கும் அண்ணா. பல்கனிக்குக் கம்பி வேண்டாம், கண்ணாடி போடுவோம் என்றார். மொத்தம் 11 கண்ணாடிகள். ஒவ்வொன்றும் 12 மில்லிமீற்றர் தடிப்பு, ஒரு மீற்றர் உயரம். அடியில் இரண்டு இரும்புப் பிடிகள் கவ்விப் பிடிக்க, மற்ற மூன்று பக்கமும் வெறுமையாக நிற்கும். வெளிநாட்டுக் காசில் எழும்பும் வீடுகள் பலவற்றில் இப்போது இதைத்தான் போடுகிறார்கள். பார்க்க வடிவுதான். ஆனால் வெளிப்பக்கத்தை யார் துடைப்பது என்று வரைபடம் கீறும்போது ஒருவரும் கேட்பதில்லை.

அம்மா அதை அழுக்காக விடமாட்டார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டோம். அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தால் ஒரு யன்னலிலும் கண்ணாடி இல்லை. அதற்குப் பிறகு பல வருடங்கள் பலகையும் பொலித்தீனும்தான் எங்கள் யன்னல்கள். கண்ணாடி என்றால் அது பளிச்சென்று இருக்கவேண்டும் என்பது அவருக்கு அப்படி வந்த பழக்கம்.

அண்ணாவுக்குச் சொன்னேன். "கண்ணாடி துடைக்கிற ரோபோ ஒண்டு வாங்கடா, காசு நான் அனுப்புறன்" என்றார். நான் வீட்டு வயரிங் வேலை செய்பவன், இதெல்லாம் எனக்கு விளங்கும் என்ற நினைப்பில் கொழும்பில் இணையத்தில் விற்கும் ஒருவரிடம் எடுப்பித்தேன். பெட்டியில் எல்லா வகைக் கண்ணாடிக்கும் உகந்தது என்று எழுதியிருந்தது. முதல் இரண்டு கண்ணாடியையும் அழகாகத் துடைத்தது. மூன்றாவதில் பக்க விளிம்பைத் தாண்டிப் போய், ஒரு சீறல் சத்தத்தோடு கழன்று, பாதுகாப்புக் கயிற்றில் கேற்றுக்கு மேலே தொங்கியது. சற்று முன்னர்தான் பால்காரர் அந்த இடத்தால் போயிருந்தார்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். அதைக் கழற்றியும் பார்த்தேன்.

இந்த ரோபோக்களின் அடிப்படை எளிமையானது. உள்ளே ஒரு விசிறி வேகமாகச் சுற்றி, ரோபோவுக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள காற்றை வெளியே இழுக்கிறது. வெளியிலுள்ள காற்று அதைக் கண்ணாடியோடு சேர்த்து அழுத்துகிறது. பாஸ்கல் என்று விளம்பரத்தில் போடுவது இந்த உறிஞ்சலின் அளவு. 2,800 பாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். அடிப்பக்கம் 20 சென்ரிமீற்றர் நீளமும் 20 சென்ரிமீற்றர் அகலமும் என்றால், கிட்டத்தட்ட 11 கிலோ பாரத்தால் அழுத்துவதற்கு அது சமம். ரோபோவின் எடையோ ஒன்றிலிருந்து இரண்டு கிலோ. ஆகவே கண்ணாடியின் நடுவில் நிற்கும்வரை அது விழாது. துணி அளவுக்கு மீறி நனைந்திருந்தால் மட்டும் வழுக்கிக் கீழே இறங்கும்.

விற்பவர்கள் இந்த எண்ணைத்தான் பெரிதாகக் காட்டுவார்கள். 5,000 பாஸ்கல், 6,000 பாஸ்கல் என்று. பிரேம் இல்லாத கண்ணாடிக்கு அந்த எண் பெரிதாக உதவாது. காரணம், ரோபோவின் ஒரு மூலை கண்ணாடியைத் தாண்டி வெளியே போனால் அந்த இடைவெளியால் காற்று உள்ளே பாய்ந்துவிடும். உறிஞ்சல் ஒரு நொடியில் இல்லாமல் போகும். உறிஞ்சுகுழாயில் ஓட்டை விழுந்தால் எவ்வளவு பலமாக இழுத்தாலும் இளநீர் மேலே வராது, அதுபோலத்தான். எனவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கண்ணாடி எங்கே முடிகிறது என்பதை இது எப்படி அறிந்துகொள்ளும் என்பது.

பிரேம் உள்ள யன்னலில் இது பிரச்சினையே இல்லை. ரோபோ போய்ப் பிரேமில் முட்டும், முட்டியதும் திரும்பும். மலிவான மாதிரிகள் பலவற்றுக்கு இது ஒன்றுதான் தெரியும். என்னிடம் வந்ததும் அந்த வகைதான். முட்டுவதற்கு ஒன்றும் இல்லாததால் அது தன்பாட்டில் போய்க்கொண்டே இருந்தது. விளக்கப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பிரேமின் உயரம் இவ்வளவு இருக்கவேண்டும் என்று ஒரு வரி இருந்தது. பெட்டியில் எழுதியிருந்ததை அந்த ஒரு வரி பொய்யாக்கியது.

பிரேம் இல்லாத கண்ணாடிக்கென்று செய்தவற்றில் விளிம்பை அறிவதற்கு வேறு வழிகள் உண்டு. ஒன்று, காற்றுக் கசிவை அறிவது. நான்கு மூலைகளிலும் சிறு துவாரங்கள் இருக்கும். ஒரு துவாரம் விளிம்பைத் தாண்டியதும் அங்கே காற்றழுத்தம் மாறுவதை உணர்ந்து, முழு உறிஞ்சலும் போவதற்கு முன்னரே பின்வாங்கும். இன்னொன்று, மூலைகளில் கீழ்நோக்கி ஒளி பாய்ச்சி, கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது, சுருள்கம்பி வைத்த சிறிய பித்தான் போன்ற ஒன்று. கண்ணாடி கீழே இருக்கும்வரை அமுங்கியிருக்கும், இல்லாதபோது வெளியே தள்ளும். ஈகோவாக்ஸ், ஹோபொட் போன்ற பெயர் தெரிந்த நிறுவனங்களும் பிரேம் இல்லாத கண்ணாடிக்கான மாதிரிகளைச் செய்கின்றன. ஆனால் ஒரே நிறுவனத்தின் எல்லா மாதிரியும் அதற்கு ஏற்றதல்ல. நிறுவனத்தின் பெயரை நம்பாமல் மாதிரியின் இலக்கத்தைப் பார்த்து, அதன் விளக்கப் புத்தகத்தை இணையத்தில் தேடிப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இந்த மூன்றும்கூடத் தடுமாறும் இடங்கள் உண்டு. ஒளியால் பார்ப்பதற்கு நேரடி வெயில் ஆகாது. உணரியில் ஊத்தை படிந்தாலும் ஆகாது. ஆகவே விடியக்காலையோ பொழுதுபடும் நேரமோ நல்லது. காற்றை உணர்வதற்குக் கண்ணாடியின் பரப்பு மட்டமாக இருக்கவேண்டும். பூவேலை செய்த கண்ணாடியிலும் சொரசொரப்பான கண்ணாடியிலும் எல்லா இடத்தாலும் காற்றுக் கசியும், ரோபோ நிற்கவே மாட்டாது. ஒட்டிய ஸ்ரிக்கரின் ஓரமும், இணைப்பில் புடைத்து நிற்கும் சிலிக்கோனும் அதே வேலையைச் செய்யும்.

எங்களுடையதைப் போன்ற பல்கனித் தடுப்புக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளி. மேல் விளிம்புக்கு அப்பால் ஆகாயம் மட்டும்தான், ஆகவே ரோபோவுக்கு அது தெளிவாகத் தெரியும். பக்க விளிம்புக்கு அப்பால் உடனேயே அடுத்த கண்ணாடி. உணரி சிறிய இடைவெளியைக் கவனிக்காமல் அடுத்த கண்ணாடியில் கால் வைத்துவிட்டால், அடியில் காற்றுக் கசிந்தபடி இரண்டுக்கும் நடுவில் ரோபோ மாட்டிக்கொள்ளும். இதனால் இப்போது நான் அதைத் தானாக ஓட விடுவதில்லை. ரிமோட்டால் மேலும் கீழுமாக ஓட்டி, பக்க விளிம்பிலிருந்து நான்கு விரல் தூரம் விட்டுவிடுகிறேன். அந்தக் கீற்றை நீளப் பிடி போட்ட துடைப்பானால் துடைக்க வேண்டியிருக்கிறது. இரும்புப் பிடிகள் இருக்கும் அடிப்பாகமும் அப்படியே. முழுக் கண்ணாடியையும் ரோபோ துடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

வாங்குமுன் உங்கள் கண்ணாடிகளை அளந்து பாருங்கள். மிகக் குறைந்த அகலம், மிகக் குறைந்த தடிப்பு இரண்டும் விளக்கப் புத்தகத்தில் இருக்கும். எங்கள் மூலைக் கண்ணாடி ஒன்று 38 சென்ரிமீற்றர் அகலம்தான். அதில் ரோபோ திரும்பவே இடமில்லை, அதைக் கையால்தான் துடைக்கிறோம்.

மின்சாரத்துக்கு வருகிறேன். பெரும்பாலானவை வயரில் ஓடுபவை. உள்ளே ஒரு பற்றரி இருக்கும், ஆனால் அது துடைப்பதற்கு அல்ல. கரண்ட் போனால் ரோபோ கீழே விழாமல் உறிஞ்சலைப் பிடித்து வைத்திருப்பதற்கு மட்டும். மாதிரியைப் பொறுத்து 20, 30 நிமிடம் தாங்கும் என்பார்கள். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த எங்களுக்கு இதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பற்றரி வேலை செய்கிறதா என்று நீங்களே பார்க்கவேண்டும். கீழ்மாடியில் ஒரு கண்ணாடிக் கதவில் ரோபோவை இடுப்பளவு உயரத்தில் ஒட்டி, அடியில் மெத்தையைப் போட்டுவிட்டு, பிளக்கைக் கழற்றுங்கள். எச்சரிக்கைச் சத்தம் வரவேண்டும், ரோபோ அசையாமல் நிற்கவேண்டும். எத்தனை நிமிடம் நிற்கிறது என்று எண்ணுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது இதைத் திரும்பச் செய்யுங்கள், பற்றரிக்கும் வயது போகும். நீட்டு வயர் போடுவதென்றால் அதன் இணைப்பு வீட்டுக்குள் இருக்கட்டும். ஈரத் தரையில் பிளக் கிடக்கவேண்டாம். இதை வயரிங்காரனாகச் சொல்கிறேன்.

கயிறு எல்லாவற்றையும் விட முக்கியம். அதைக் கண்ணாடியின் இரும்புப் பிடியிலோ பிளாஸ்ரிக் கதிரையிலோ கட்டக்கூடாது. நான் அறைச் சுவரில் ஒரு இரும்புக் கொளுக்கி அடித்து அதில் கட்டுகிறேன். பெட்டியோடு வரும் கயிறு நீளமாக இருக்கும். ரோபோ விழுந்தாலும் கீழே நிற்பவரின் தலைக்கு எட்டாதபடி அதைக் குறுக்கிக் கட்டவேண்டும். கண்ணாடியின் மேல் விளிம்பில் கயிறு உராயும் இடத்தில் ஒரு பழைய சைக்கிள் ரியூப் துண்டை மாட்டிவிட்டேன். ஓடும் நேரம் கீழே யாரும் வராமல் கேற்றைப் பூட்டிவிடுவோம்.

இனி, நான் கடைசியாக விளங்கிக்கொண்டதும் முதலிலேயே யோசித்திருக்க வேண்டியதுமான விடயம். ரோபோவை வெளிப்பக்கத்தில் யார் வைப்பது? யார் எடுப்பது? பிரேம் யன்னலென்றால் கதவைத் திறந்து வைக்கலாம். பல்கனித் தடுப்பு திறக்காது. இரண்டு கிலோப் பொருளைத் தடுப்புக்கு மேலால் தூக்கி, வெளிப்பக்கத்தில் வைத்து, விசிறி பிடிக்கும்வரை அழுத்திக்கொண்டு நிற்கவேண்டும். முடிந்ததும் அதே மாதிரி எட்டி எடுக்கவேண்டும், ஒவ்வொரு கண்ணாடிக்கும் இதே கதைதான். அம்மாவின் தோள்பட்டையால் இது ஆகாது. ஆகும் என்று அவர் சொல்வார், அதுதான் என் பயம். வயது போன தாய் தகப்பன் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இதை வாங்கி அனுப்ப நினைக்கும் அண்ணாமார், அக்காமார் இதை யோசிக்கவேண்டும். எட்டிப் போடக்கூடிய ஒருவர் வாரத்தில் ஒரு நாளாவது அந்த வீட்டுக்கு வருவார் என்றால் வாங்கலாம். இல்லையென்றால் அந்தக் காசை, மாதம் ஒருதடவை முறையான பாதுகாப்போடு வந்து துடைக்கும் ஒருவருக்குக் கொடுப்பது மேல்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலையில் நான் போகிறேன். வைப்பதும் எடுப்பதும் என் வேலை. இரண்டாவதாக வாங்கியது காற்றுக் கசிவை அறியும் வகை. ஆறு மாதமாகிறது, இதுவரை விழவில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். குடாநாட்டில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது. அதை ரோபோவின் சிறிய தாங்கியில் ஊற்றினால் விசிறும் துவாரம் அடைபடும், காய்ந்த பிறகு கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். மாரியில் பிடித்த மழைத் தண்ணீரைத் துணியால் வடித்துப் போத்தலில் வைத்திருக்கிறோம், அது போதும். ஏற்கெனவே இருந்த புள்ளிகளுக்கு அம்மா தேசிக்காயைப் பாதியாக வெட்டித் தேய்த்தார், போய்விட்டது. இன்னொன்று, முதல் ஓட்டம் எப்போதும் காய்ந்த துணியோடு இருக்கவேண்டும். றோட்டுப் புழுதியிலும் கடற்காற்றிலும் மணலும் உப்பும் இருக்கும். அவற்றை நனைத்துத் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். காய்ந்த துணியால் புழுதியை எடுத்து, துணியை மாற்றி, பிறகுதான் தண்ணீர். பறவை எச்சத்தை முன்னரே ஊறவைத்து எடுத்துவிடவேண்டும். ரோபோ அதை எடுக்காது, இழுத்துப் பூசிவிடும்.

போனகிழமை அண்ணா எடுத்து, உட்பக்கத்துக்கும் ஒன்று அனுப்பவோ என்று கேட்டார். அம்மா தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கி, "உள்பக்கம் நான் பாத்துக்கொள்ளுறன் தம்பி, அதுக்கொண்டும் வேண்டாம்" என்றார். ஸ்ரூலை மட்டும் நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.