உங்களுக்குத் தெரியுமா? முடக்கத்தை அளப்பது எக்ஸ்ரே மட்டுமன்று

முடக்குவாதம் என்பது உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் மூட்டுகளின் உட்சவ்வையே தாக்கும் நோய் என்றாலும், அதனால் ஒருவர் எவ்வளவு முடங்குகிறார் என்பதை எக்ஸ்ரே படம் மட்டும் சொல்லிவிடுவதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃபிரைஸ் குழுவினர் உருவாக்கி 1980-இல் வெளியிட்ட வினாத்தாள், பொத்தான் போடுதல், குழாயைத் திருகுதல் போன்ற 20 அன்றாடச் செயல்களைப் பற்றிப் பிரிவு பிரிவாகக் கேட்டு, இயலாமையை 0 முதல் 3 வரை அளக்கிறது. ஒரு பிரிவின் செயல்களுக்குப் பிறர் துணை தேவைப்பட்டாலே அந்தப் பிரிவின் மதிப்பெண் குறைந்தது 2 ஆகிவிடும். முடக்கம் வாழ்க்கைச் சூழலையும் சார்ந்தது: பள்ளிப்படிப்புக் குறைந்த நோயாளிகளிடம் பாதிப்பும் இறப்பும் மிகுதி என்று ஆய்வாளர்கள் தியோடர் பிங்கஸும் லீ கலஹானும் 1985-இல் காட்டினர். படிப்பு மூட்டைக் காப்பதில்லை. அதனோடு வரும் வருமானமும் உடலுழைப்புக் குறைந்த வேலையும் காக்கக்கூடும். மனச்சோர்வும், வலியைச் சமாளிக்கலாம் என்ற தன்னம்பிக்கையின் குறைவும் இந்த வினாத்தாளின் உயர்ந்த மதிப்பெண்ணோடு சேர்ந்தே காணப்படுவதால், நோயாளி தம் மனநிலையையும் வேலையையும் வீட்டுச் சூழலையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.